முறிகண்டியில் நிற்காத கார்

அத்தியாயம் பதினான்கு

"பேத்தியை நான்தான் ஏத்திக்கொண்டு வருவன். வேறை ஒருத்தரும் ஸ்ரியறிங்கிலை கை வைக்கக் கூடாது!"

போன கிழமை உடுவில் வீட்டு முற்றத்தில் நின்று சோமசேகரத்தார் போட்ட சத்தம் அடுத்த ஒழுங்கை வரை கேட்டது. அதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மறந்துபோனவர்களுக்கும், இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் புரட்டியவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன்.

அவருடைய மகள் நிவேதனா கொழும்பில், வெள்ளவத்தையில், பெண் குழந்தை பெற்றிருக்கிறாள். முப்பத்தோராம் நாள் துடக்கும் கழிந்துவிட்டது. இனித் தாயையும் பிள்ளையையும் ஊருக்குக் கூட்டிவர வேண்டும். ரயிலென்றால் சனநெரிசல், பிள்ளைக்குத் தடிமன் பிடித்துவிடும் என்று அவர் மனைவி கனகாம்பிகை விடவில்லை. காரென்றால் நிவேதனாவுக்குப் பயம். முன்பொருதரம் அவள் வந்த வான் குடைசாய்ந்து கை முறிந்ததிலிருந்து, அப்பா ஓட்டினால் மட்டுமே ஏறுவாள். கட்டின புருசன் நிருஷன் ஓட்டினாலும் ஏறமாட்டாள். "அப்பா வந்தால் வாறன், இல்லாட்டில் பிள்ளையோடை இஞ்சையே இருக்கிறன்" என்று போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

வெங்காய லொறியோடு தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் ஓடியோடியே மயிர் நரைத்த மனிதருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறென்ன வேண்டும்? வயது போய்விட்டது, சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, இருக்கிறது, ஒரு சாரதியைப் பிடித்து அனுப்புவோம் என்று சொல்லிப் பார்த்தவர்கள் எல்லோரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். மகன் ஜெயதீபனுக்கும் அதே கதிதான். அவனுக்கு வங்கியில் லீவும் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் காலை கார் புறப்படத் தயாராக நின்றது. பின்பெட்டி நிறைய பிள்ளைப்பெத்தவளுக்கான சரக்குத்தூளும் நல்லெண்ணெய்ப் போத்தல்களும். கனகாம்பிகையின் மடியில் ஒரு தேங்காய். முறிகண்டிப் பிள்ளையாருக்கு அதை உடைக்காமல் அந்த வீட்டிலிருந்து ஒருவரும் கொழும்பு போனதில்லை.

பின்சீற்றில் மருமகள் தனுஷா ஏறினாள். ஜெயதீபனின் மனைவி. துணைக்கு வா என்று மாமி முதல் நாள்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுப் புறப்பட்டிருந்தாள்.

"பிள்ளை, ஐடென்ரிக்காட் எடுத்தனியே?" என்றாள் கனகாம்பிகை.

"ஓம் மாமி."

"லைசென்ஸ்?"

"அது ஏன் மாமி? மாமா தானே ஓடுறார்."

"கேட்டதுக்குச் சொல்லு பிள்ளை. எடுத்தனியோ இல்லையோ?"

"ஹாண்ட்பாக்கிலை கிடக்கு."

"ம்" என்றாள் கனகாம்பிகை.

சோமசேகரத்தார் காரை உயிர்ப்பித்தார். ஜப்பானிலிருந்து வந்த கார் அது. உடனே உள்ளேயிருந்து ஒரு பெண் ஜப்பான் பாஷையில் ஏதோ பணிவாகச் சொன்னாள். வாங்கிய நாளிலிருந்து சொல்கிறாள். என்ன சொல்கிறாள் என்று இன்றுவரை அந்த வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"ஓமோம் பிள்ளை, போட்டு வாறம்" என்றாள் கனகாம்பிகை அவளுக்கு.

*

கோப்பாய், கைதடி தாண்டிச் சாவகச்சேரி வரைக்கும் வழக்கமான றோட்டுத்தான். சைக்கிள், ஆட்டோ, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள். கொடிகாமம் கழிந்து றோட்டு நிமிர்ந்ததும் சோமசேகரத்தாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஸ்ரியறிங்கின் வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்த சின்னக் கம்பியைக் கீழே ஒருதரம் தட்டினார்.

"போட்டிட்டன்" என்றார்.

போட்டது குரூஸ் கொன்ரோல். வைத்த வேகத்தைக் கார் தானே பிடித்துக்கொண்டு போகும். காலை எடுத்துவிடலாம். இந்தக் காரில் அவருக்கு மிகவும் பிடித்த சாமான் அதுதான். வாங்கிய புதிதில் உற்சாகம் தாங்காமல் கொக்குவிலுக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். முதலில் ஒரு ஆடு குறுக்கே வந்தது, பிறகு ஒரு ஆட்டோ, கடைசியில் ரயில் கேற் பூட்டிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பிரேக் மிதிக்க, மிதிக்கக் குரூஸ் விட்டுப்போக, திரும்பத் திரும்பப் போட்டு அலுத்துப்போனார். ஊருக்குள் அது உதவாது, நீட்டு றோட்டுக்குத்தான் என்று அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"எனக்கெண்டால் உந்தத் தானா ஓடுற சாமான் பிடிக்கேல்லை" என்றாள் கனகாம்பிகை.

"ஆர் சொன்னது தானா ஓடுது எண்டு? வேகத்தை மட்டும்தான் அது பிடிச்சிருக்கும். ஸ்ரியறிங் நான். பிரேக்கும் நான். பிரேக்கிலை கால் பட்டால் காணும், அது விட்டிடும். விளங்குதே?"

"காலை எடுத்துப்போட்டு இருக்கிறது ஒரு ஓட்டமே?"

"நீர் சும்மா இரும். அந்த நாளிலை லொறி ஓடி இறங்கினால் வலது கால் மரக்கட்டை மாதிரிக் கிடக்கும். இப்ப பாரும், அறுபத்தெட்டிலை வைச்சிருக்கிறன். எழுபதுக்கு மேலை போகாது. பொலிஸ்காரன் பத்தைக்குள்ளை மிசினோடை ஒளிச்சு நிண்டாலும் என்னை ஒண்டும் செய்யேலாது. எண்ணெயும் மிச்சம்."

சொல்லி வாய் மூடவில்லை, இயக்கச்சியில் ஒரு மரத்தடியில் பொலிஸ்காரர் நின்றார். அவர்களை முந்திக்கொண்டு பறந்த வெள்ளை வான் அங்கே ஓரங்கட்டப்பட்டிருந்தது. சோமசேகரத்தார் அதைக் கடக்கும்போது ஹோர்ன் ஒன்று அடித்தார். அந்தச் சந்தோசத்தைப் பார்த்துத் தனுஷாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. கார் ஒரே சீராகப் போனது. மாமா பேத்தியைப் பற்றியே கதைத்துக்கொண்டு வந்தார். திரும்பி வரும்போது அவளை முறிகண்டியில் இறக்கிப் பிள்ளையாருக்குக் காட்ட வேண்டுமாம். பெயர் இன்னும் வைக்கவில்லை, அதற்குள்ளேயே அவர் ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கிவிட்டார். நல்ல மனிசன், இவருக்குப் போய் எல்லோரும் வயது போய்விட்டது என்கிறார்களே என்று தனுஷா நினைத்தாள். பரந்தனும் கிளிநொச்சியும் சனமாகக் கிடந்தன. அதைத் தாண்டியதும் அவர் திரும்பவும் கம்பியைத் தட்டினார்.

*

முறிகண்டி தூரத்தில் தெரிந்தது. கண்டி வீதியால் போகிற எந்த வாகனமும் அங்கே நிற்காமல் போகாது. பஸ் நிற்கும், லொறி நிற்கும், அவசரமாகப் போகிற கலியாண வீட்டுக் காரும் நிற்கும். கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, ஒரு சுருள் கச்சான் கடலை வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். கனகாம்பிகை தேங்காயைக் கையில் எடுத்துவிட்டாள்.

கார் நிற்கவில்லை.

"இஞ்சருங்கோ… கோயில் வந்திட்டுது."

அறுபத்தெட்டு. அதே வேகம்.

"இஞ்சருங்கோ! பிள்ளையார்! நிப்பாட்டுங்கோ!"

கோயில் முன்னால் நின்ற பஸ் ஒன்று மெல்ல றோட்டில் ஏறியது. தனுஷா முன்சீற்றின் முதுகை இறுகப் பிடித்தாள். சோமசேகரத்தார் ஸ்ரியறிங்கை ஒடித்தார். பஸ்ஸின் கண்ணாடி தட்டுப்படாமல் தப்பியதே பெரிய காரியம். கச்சான் விற்ற பெண் ஒருத்தி கத்தியது கேட்டது. அவர் கையால் அந்தக் கம்பியை இழுத்துக் குரூஸை விடுவித்தார். கார் தன்பாட்டில் வேகம் குறைந்து, கோயிலைத் தாண்டி வெகுதூரம் போய், ஒரு பாலை மரத்தடியில் உருண்டு நின்றது.

கனகாம்பிகை தேங்காயை நெஞ்சோடு அணைத்தபடி திரும்பிக் கோயிலைப் பார்த்தாள்.

"பிள்ளையாரைக் கடந்து வந்திட்டமே" என்றாள் கனகாம்பிகை. அழுகிற குரல். "பச்சைப்பிள்ளையைக் கூட்டிவரப் போற பயணத்திலை!"

"மறந்து போனன். உந்தக் குரூஸ் போட்டிருந்ததிலை… பராக்காப் போச்சு. இறங்குங்கோ, நடந்து போய்க் கும்பிடுவம்."

மறந்து போனாரா? வருசக்கணக்காக நின்று கும்பிட்ட இடத்தையா? தனுஷா நம்பவில்லை. பிரேக்கில் கால் பட்டால் காணும் என்று சொன்னவர் இவர்தானே? பஸ் குறுக்கே வரும்போது ஏன் மிதிக்கவில்லை?

அவர் இறங்கி முன்னால் நடந்தார். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. தார் இளகிக் கிடந்தது. தனுஷாவுக்குச் செருப்பின் அடியால் சூடு ஏறியது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு குனிந்து நடந்தவள், முன்னால் போகிற மாமாவின் கால்களைப் பார்த்தாள்.

இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால்.

அந்தத் தாரில், அந்த வெயிலில், அவர் வெறுங்காலை ஆறுதலாக ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருந்தார். ஒருதரம்கூடக் காலை உதறவில்லை.

தனுஷா எட்டி நடந்தாள். அதற்குள் அவர் கோயிலடிக்குப் போய்விட்டார்.

கோயில் வாசலில் எல்லோரும் செருப்புக் கழற்றுகிற இடத்தில் சோமசேகரத்தார் குனிந்தார். இடது செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். வலது காலுக்குக் கையைக் கொண்டுபோனவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார்.

"மற்றது எங்கை, பிள்ளை?"

உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார். தனுஷா காருக்கு ஓடினாள். சாரதிக் கதவைத் திறந்து குனிந்து பார்த்தாள். செருப்பு பிரேக்குக்குக் கீழே பாதி செருகிக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத இடத்தில், காலடிப் பாய் கசங்கி நசிந்து கிடந்தது. அவர் பலங்கொண்ட மட்டும் மிதித்திருக்கிறார். மிதித்தது வெறும் பாயை.

*

திரும்பி வந்தபோது அவரைக் கச்சான் கடை வாங்குப் பலகையில் இருத்தி, கனகாம்பிகை போத்தல் தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். உள்ளங்கால் சிவந்து, பெருவிரலடியில் கொப்புளம் எழும்பியிருந்தது.

தனுஷா செருப்பை அவர் முன்னால் வைத்தாள்.

"பிரேக்குக்குக் கீழை கிடந்தது மாமா."

அவர் அதைப் பார்த்தார். கையால் தொடவில்லை.

"மிதிச்சன் பிள்ளை. சத்தியமா மிதிச்சன் எண்டுதான் நினைச்சன்."

"எவ்வளவு நாளா உப்பிடி?"

"சீனியாலை கால் விறைச்சுப் போச்சு, நோகிறேல்லை. அதுதான் கரைச்சல். நொந்தால் தெரியுமே." அவர் குரல் தாழ்ந்தது. "கிளினிக்கிலை நீட்டு ஓட்டம் வேண்டாம் எண்டவை. குரூஸ் இருக்குத்தானே, காலுக்கு வேலை இல்லைத்தானே, சமாளிக்கலாம் எண்டு நினைச்சன். நிவேதனாவுக்கு நான் வேறை என்னத்தைச் சொல்லுறது?"

"மாமிக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றார் அவர்.

"தெரியும்" என்றாள் கனகாம்பிகை.

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"போன மாதம் தோட்டத்தாலை வந்து பேப்பர் பாத்துக்கொண்டு கிடந்தியள். உள்ளங்காலிலை நீட்டு முள்ளொண்டு ஏறிக் கிடந்தது. நான் பக்கத்திலை இருந்து புடுங்கினனான். இரத்தம் வந்தது. நீங்கள் பேப்பரிலையிருந்து கண்ணை எடுக்கேல்லை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் ஏன் சொல்லேல்லை?"

அவர் முகத்தைக் கோயில் பக்கம் திருப்பினார்.

தனுஷாவுக்குக் கோபம் அப்போதுதான் பொங்கியது. "மாமி, தெரிஞ்சுகொண்டே காரிலை ஏறினீங்களே! என்னையும் ஏத்தினீங்களே! அந்த பஸ்… திரும்பி வரேக்கை எண்டால் பிள்ளையும் இருந்திருக்குமே மாமி!"

"நான் சொல்லியிருந்தால் இந்த மனிசன் கேட்டிருக்குமே? ஜெயதீபன் சொல்லியே கேக்கேல்லை. அங்கை அவளும் அப்பா வந்தால்தான் எண்டு நிக்கிறாள். பாதி வழியிலை எப்பிடியும் களைச்சுப் போவார், பிறகு நீ ஓடுவாய் எண்டு நினைச்சுத்தான் லைசென்ஸைக் கேட்டனான். முறிகண்டியிலையே இப்பிடி வரும் எண்டு எனக்குத் தெரியாது பிள்ளை." கனகாம்பிகையின் கண் கலங்கிவிட்டது. "பிழைதான். என்னைப் பேசு."

பேசத் தனுஷாவுக்கு மனம் வரவில்லை. பாவம், இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே பயத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள்.

"கொஞ்சம் ஆறினால் சரிவந்திடும்" என்று எழும்பப் பார்த்தார் சோமசேகரத்தார்.

"இல்லை மாமா." தனுஷா கையை நீட்டினாள். "கார்த் திறப்பைத் தாங்கோ. இல்லாட்டில் நான் இதிலை பஸ் ஏறி வீட்டை போறன். போய் உங்கடை மகனிட்டை நடந்ததெல்லாத்தையும் சொல்லுவன்."

"நீ கண்டி றோட்டிலை ஓடினதில்லை, பிள்ளை."

"ஓம், ஓடினதில்லை. ஆனால் பிரேக் எங்கை இருக்கெண்டு என்ரை காலுக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு சுட்டது என்று அவளுக்கு உறைத்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு சேட்டுப் பொக்கற்றிலிருந்து திறப்பை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். கனகாம்பிகை போய்த் தேங்காயை உடைத்தாள்.

*

இப்போது தனுஷா ஓட்டினாள். சோமசேகரத்தார் இடது பக்கம் இருந்தார். அந்தக் காரின் இடது பக்கத்தில் அவர் இருந்தது இதுதான் முதல் தரம். பெல்ற்றைத் தேடிப் பிடித்துப் போட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

போன் அடித்தது. நிவேதனா.

"இப்ப சொல்லாதேங்கோ" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தாள் கனகாம்பிகை. "அங்கை போய்ச் சொல்லுவம்."

அவர் போனைக் காதில் வைக்காமல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, எவடத்திலை நிக்கிறியள்?"

"முறிகண்டி கழிஞ்சிட்டுது."

"மெதுவா வாங்கோ. பிள்ளை இப்பதான் நித்திரை. நீங்கள் வாறியள் எண்டதிலைதான் நான் உடுப்பெல்லாம் அடுக்கிறன்."

சோமசேகரத்தார் தொண்டையைச் செருமினார். "நிவேதனா, நான் ஓடேல்லை பிள்ளை. தனுஷாதான் ஓடுறா. எனக்குக் காலிலை உணர்ச்சி இல்லை. கன நாளா இல்லை. உன்னட்டை ஒளிச்சுப்போட்டன்."

பின்சீற்றில் கனகாம்பிகை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நான் பிறகு எடுக்கிறன்" என்றாள் நிவேதனா. வைத்துவிட்டாள்.

தனுஷாவுக்கு வலது கால் நடுங்கியது. வேகம் அறுபதுக்குப் போனது, ஐம்பதுக்கு விழுந்தது, எழுபத்தைந்துக்கு ஏறியது. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்துப் பொறுமையிழந்து முந்திக்கொண்டு போனான்.

"குரூஸைப் போடு பிள்ளை" என்றார் அவர் மெல்ல.

"எனக்குப் பயம் மாமா."

"அதுதான் போடச் சொல்லுறன். கால் நடுங்கினால் கார் துள்ளும். அறுபத்தெட்டு வந்ததும் கம்பியைக் கீழை தட்டு. காலைப் பிரேக்குக்குப் பக்கத்திலையே வைச்சிரு. நான் விட்ட பிழையை நீ விடாதை."

தட்டினாள். ஊசி அறுபத்தெட்டில் நின்றது. கால் மெல்ல மெல்ல ஆறியது. றோட்டு மட்டும்தான் மிச்சம், அதைப் பார்த்தால் போதும் என்றிருந்தது. மாமா இந்தச் சாமானை ஏன் இப்படித் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார் என்பதும் விளங்கியது.

மாங்குளம் தாண்டும்போது போன் திரும்ப அடித்தது. சோமசேகரத்தார் எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுங்கோவன்" என்றாள் கனகாம்பிகை.

எடுத்தார். முதலில் கேட்டது பிள்ளையின் சிணுங்கல். பிறகு நிவேதனா. அழுதிருக்கிறாள் என்பது குரலில் தெரிந்தது.

"அப்பா, கால் புண்பட்டிருக்கோ?"

"கொப்புளம்தான். உன்ரை அம்மா தண்ணி ஊத்திக் கழுவினவ."

"அம்மாவை நம்பேலாது. வந்தவுடனை டொக்டரிட்டைக் காட்டவேணும்." கொஞ்சம் நிறுத்தினாள். "மச்சாளிட்டைக் குடுங்கோ."

"அவ ஓடுறா. ஸ்பீக்கரிலைதான் கிடக்கு, கதை."

"மச்சாள்… இப்ப எத்தினையிலை வாறியள்?"

"அறுபத்தெட்டு."

"இதுக்கு மேலை கூடுமோ?"

"கூடாது. நான் விடமாட்டன்."

மறுபக்கம் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கிற சத்தம் கேட்டது.

"சரி, வாங்கோ. நாளைக்குக் காலமை பிள்ளையை அம்மாவிட்டைக் குடுத்திட்டு, நான் மட்டும் உங்களுக்குப் பக்கத்திலை இருந்து இஞ்சை வீட்டடிக் காலி றோட்டாலை ஒருக்கா வந்து பாப்பன். எனக்கு ஏறேலும் எண்டால்தான் பிள்ளையை ஏத்துவன். ஏலாட்டில்…"

"ஏலாட்டில் ஒருத்தரும் உங்களைக் கட்டாயப்படுத்த மாட்டினம்" என்றாள் தனுஷா.

போன் ஓய்ந்தது. கொழும்புக் காலி வீதியின் நெரிசலில் இந்தக் குரூஸ் ஒரு சதத்துக்கும் உதவாது. அங்கே தனுஷாவின் காலும், பக்கத்தில் இருக்கப்போகிறவளின் நெஞ்சும்தான். அது காருக்குள் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அப்போது இடது பக்கப் பத்தைக்குள்ளிருந்து ஒரு மாடு றோட்டில் ஏறியது. தனுஷா பிரேக்கை மிதித்தாள். குரூஸ் விட்டது. கார் பதறாமல் வேகம் குறைந்து நின்றது. மாடு தன்பாட்டில் குறுக்கே கடந்து போனது.

பக்கத்துச் சீற்றில் சோமசேகரத்தாரும் மிதித்திருந்தார். பிரேக் இல்லாத அந்தப் பக்கத்தில், வெறும் பாயில். மிதித்தாரா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. குனிந்து காலைப் பார்த்தார்.